கச்சான் காலத்துக் காலை நடை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே காகத்தையும் கொக்கையும் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். வாலிபர் சங்கம் என்றால் உடலுக்கும் உள்ளத்துக்கும் பயிற்சி தருவது. இவ்விரண்டையும் ஒருங்கே தரும் பயிற்சி ஒன்று உண்டு. அதற்குக் கட்டணமில்லை, கருவியும் வேண்டுவதில்லை. கோடை காலத்து விடியற்காலையிலே, கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு, நம்முடைய ஊரை நாமே ஒருமுறை நடந்து பார்ப்பதே அது.

பெரிய பட்டினங்களில் வாழ்வோர் இதற்காகப் பூங்காக்களுக்குப் போகின்றனர். கொழும்பிலே விகாரமகாதேவி பூங்கா இருக்கின்றது. சென்னையிலே கிண்டி இருக்கின்றது. வாகன இரைச்சல் ஓயாத அந்த நகரின் நடுவே 2.7 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கிண்டிக் காடு 1978 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. புள்ளிமானும் வெளிமானும் அங்கே இன்றும் மேய்கின்றன. கல்முனையிலே அப்படியொரு பூங்கா இல்லையே என்று நாம் குறைப்பட வேண்டியதில்லை. கிழக்கே கடல். மேற்கே மூன்று மைல் அளவிலே மட்டக்களப்பு வாவியின் தென்கோடி நீர்ப்பரப்பு. இடையிலே மணல்மேடு, தென்னந்தோப்பு, வீட்டு வளவு, பிரதான வீதி, வயல் வட்டை. ஒரு காலை நேரத்துக்குள் கடலையும் ஊரையும் வயலையும் களப்பையும் காணக்கூடிய இடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வேலியும் வாயிற்கதவும் இல்லாத பூங்காவிலேதான் நாம் வாழ்கின்றோம்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை இங்கே கச்சான் வீசும் காலம். எட்டு மணிக்குப் பின்னர் வெயிலும் வரண்ட மேல்காற்றும் சேர்ந்து மனிதரை நிழலுக்குத் துரத்துகின்றன. பறவைகளும் விலங்குகளும் அப்படியே. ஆகையால் அவை தமக்குரிய வேலைகளை விடியலிலேயே முடித்துக்கொள்கின்றன. ஆறு மணிக்குச் சற்று முன்னரே சூரியன் எழுந்துவிடுகின்றது. ஐந்தரைக்கு வீட்டுப் படலையைத் திறப்பவர் காண்பதை எட்டு மணிக்கு எழுபவர் காண்பதில்லை. வாருங்கள், கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடப்போம்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் அருகே நின்று பார்த்தால், இரவு முழுவதும் வளை நண்டுகள் மணலிலே எழுதிய எழுத்து இன்னும் அழியாதிருக்கும். ஈரமணல் உருண்டைகளை வளையின் வாயிலிருந்து அவை வெளியே தள்ளியிருக்கும். நம் காலடி ஓசை மண்ணின் வழியே அவற்றை எட்டிவிடுகின்றது. பத்து நிமிடம் அசையாமல் நின்றால்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். கரைவலை இழுக்கும் நாளாயின், வலை கரையை நெருங்குமுன்னே காகமும் செம்பருந்தும் வந்து காத்திருக்கும். வெண்டலையும் செம்மேனியுமாக வட்டமிடும் அந்தப் பருந்தையே நம்மவர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். கும்பாபிஷேகத்தன்று அதற்காக வானத்தை அண்ணாந்து பார்க்கும் நாம், மற்ற நாட்களிலே அது எங்கே கூடு கட்டுகின்றது, எதை உண்டு வாழ்கின்றது என்று கேட்டதுண்டா? செத்த மீனையும் கழிவையும் உண்டு கரையைத் துப்புரவாக்கும் தொழிலாளி அது.

அடுத்தது வீட்டு வளவு. முருங்கையிலும் பூவரசிலும் தேன்சிட்டு. வேலியோரத்திலே ஆறும் ஏழுமாகக் கூடிச் சருகைக் கிளறிச் சண்டையிடும் புலுனிக் கூட்டம். செந்நிறச் சிறகோடு தரையிலே நடந்து திரியும் செண்பகம். மாமரத்திலே விடாமல் கூவும் குயில். அந்தக் குயிலின் குஞ்சுக்கு இரை தேடி அலையும் காகம். திண்ணைக்கு மேலே நம்மவர் பானையோ பெட்டியோ கட்டிவிட்டால் அதிலே குடியேறும் சிட்டுக்குருவிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அடைக்கலக் குருவி. அடைக்கலம் என்று வந்ததைக் காப்பது அறமென்பதை ஒரு பெயரிலேயே சொல்லிவைத்தவர்கள் அவர்கள். இப்போது அப்பானைகள் அருகிவிட்டன. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே குருவி நுழைய இடமில்லாத வீடுகளைக் கட்டிக்கொண்டோம்.

பிரதான வீதியைக் கடந்து மேற்கே இறங்கினால் வட்டை. கல்லோயாத் திட்டத்தின் நீர் வரும் இடங்களிலே சிறுபோக வேளாண்மை பச்சைப் பசேலென்று நிற்கும். சுற்றுப்புறம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலே அப்பசுமை நீர்ப்பறவைகளுக்கெல்லாம் விருந்து மண்டபமாகின்றது. வரம்பிலே நடக்கும்போது முதலிலே நம்மைக் காண்பது ஆட்காட்டி. அது கத்திக்கொண்டு நம்மைச் சுற்றிப் பறந்தால் முட்டையோ குஞ்சோ அருகிலிருக்கின்றது என்று பொருள். கூடென்று ஒன்றில்லை, வெறுந்தரையிலே, கற்களின் நிறத்திலே நான்கு முட்டை. கோடை வெயிலிலே அவை வெந்துவிடாமல் இருப்பதற்குத் தாய் செய்வதென்ன தெரியுமா? நீரிலே இறங்கித் தன் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் அமர்கின்றது. ஈரத்துணி கொண்டு காய்ச்சலைத் தணிக்கும் தாயைப் போன்ற செயல் இது.

மாட்டையும் உழவு இயந்திரத்தையும் தொடர்ந்து நடக்கும் உண்ணிக்கொக்கு மற்றைய மாதங்களிலே தூய வெள்ளை. குஞ்சு பொரிக்கும் காலத்திலே அதன் தலையும் கழுத்தும் பொன்னிறம் பெறுகின்றன. வட்டை நடுவே நிற்கும் பனையிலோ தென்னையிலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி முடித்ததும் பெண் குருவி வந்து பார்வையிடுகின்றது. அதற்குப் பிடித்தால்தான் மீதிப் பாதி எழும். பிடிக்காத அரைக்கூடுகள் அப்படியே காற்றில் ஆடும். இந்தியாவிலே ஆராய்ந்தோர், தென்மேல் காற்று அடிக்கும் காலத்தில் இக்கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்திலே அமைவதைக் கண்டிருக்கின்றனர். நம் கச்சான் காற்றிலும் அப்படித்தானா? ஒரு மாதம் காலைதோறும் எண்ணிப் பார்த்து விடை சொல்ல நம் வாலிபர்களால் முடியும். இதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் போதும்.

வட்டையைக் கடந்தால் கிட்டங்கித் தாம்போதி. மாரியிலே வெள்ளம் மேவிப் பாய்ந்து போக்குவரத்தைத் தடுக்கும் அவ்விடம், கோடையிலே அமைதியாயிருக்கும். சிறகை விரித்துக் காய வைக்கும் நீர்க்காகம், பையலகோடு மிதக்கும் கூழைக்கடா, மூழ்கி மூழ்கி எழும் முக்குளிப்பான், கரையோரப் புல்லிலே நாக்கை நீட்டி நகரும் கபரக்கொய்யா. தாமரை இலைமேல் நடந்து செல்லும் தாமரைக்கோழிக்குக் குஞ்சு பொரிக்கும் காலத்திலே மட்டும் நீண்ட வால் முளைக்கின்றது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் தந்தையின் கடமை. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் இதனை வீட்டிலே சொல்லிக் காட்டினால் நாம் பொறுப்பாளிகளல்லோம்!

கோடையில் நாம் காண்பவை பெரும்பாலும் இம்மண்ணிலேயே பிறந்து இங்கேயே குஞ்சு பொரிப்பவை. வடநாடுகளின் குளிருக்கு அஞ்சிப் புரட்டாதி, ஐப்பசியில் வந்த உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும் சித்திரைக்குள் திரும்பிவிடுகின்றன. மாலையிலும் விடியலிலும் ஆறு மணியளவில் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்று பெயர் பெற்ற வண்ணக் குருவியும் போய்விட்டிருக்கும். விருந்தினர் போனபின் வீட்டார் யாரென்று அறிவதற்குக் கோடையே ஏற்ற காலம்.

நண்பர்களே, நம் நாட்டின் ஊர்ப்பெயர்களை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். மருதமுனையின் பெயரிலே மருத மரம் நிற்கின்றது. காரைதீவின் பெயரிலே காரைச் செடி. கொக்கட்டிச்சோலையிலே கொக்கட்டி மரம். தில்லை மண்டூரிலே களப்போரத்துத் தில்லை. படுவான்கரையிலே முதலைக்குடா என்றோர் ஊர் உண்டு. நமது கல்முனையிலே தரவைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகின்றோமே, தரவை என்றால் என்ன? மாடுகள் மேய்ந்த புல்வெளி. வாவியின் இரு கரைகளுக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று பெயரிட்டவர்கள் சூரியன் எழுவதையும் படுவதையும் நாள்தோறும் பார்த்தவர்கள். மரத்தையும் விலங்கையும் மண்ணின் இயல்பையும் பார்த்துப் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் நாம். நம்மிலே எத்தனை பேர் மருத மரத்தை இலையைக் கொண்டு இனங்காண்போம்? தில்லை மரத்தை எத்தனை பேர் கண்டிருக்கின்றோம்? மரம் போனபின் பெயர் கடிதத்து முகவரியாக மட்டுமே எஞ்சும்.

காரைதீவிலே 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் தமிழறிஞராகப் போற்றுகின்றோம். அவர் விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஆசிரியருமாவார். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிப் பலர் கதையாகப் பேசிக்கொண்டிருந்த காலத்திலே, அந்த ஒலி அவரது இசைச் சிந்தனையைத் தொட்டது. அதனைப் பொருளாக வைத்துப் பாட்டும் இயற்றினார். தம்முடைய ஊர்த் தண்ணீரின் ஓசைக்குச் செவிசாய்த்த அவரே, பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை அளித்தார். அருகிலுள்ளதைக் கேட்கப் பழகிய செவியே தொலைவிலுள்ளதையும் கேட்கின்றது.

கொழும்பு நூதனசாலையிலே பூச்சியினப் பிரிவில் வேலை பார்த்த ஜோர்ஜ் ஹென்றி என்பவர் நாடெங்கும் சுற்றிப் பறவைகளைக் கவனித்து, சித்திரங்களையும் தாமே வரைந்து, 1955 இல் இலங்கைப் பறவைகளுக்கான வழிகாட்டி நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்நாட்டிலே, நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், 1950 தொடக்கம் 1996 இல் மறையும் வரை ஒரு கல்கத்தாப் பத்திரிகையிலே உயிரினங்களைப் பற்றி எழுதி வந்தார். பெருங்காடுகளைக் கண்ட அவர், வீட்டுச் சுவரிலே திரியும் பல்லியையும் முற்றத்துக் காகத்தையும் அதே கவனத்தோடு எழுதினார். அற்பமானது என்று அவர் எதையும் தள்ளவில்லை.

இப்படிப் பார்ப்பதாலும் எழுதுவதாலும் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1966 தொடக்கம் ஒரு வழக்கம் நடந்து வருகின்றது. பெரும்பாலும் ஜூன் மாதத்திலே, அதாவது அவர்களது கோடையிலே, சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே தொண்டர்கள் புறப்படுகின்றனர். குறித்த பாதையிலே 50 இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் மூன்று நிமிடம் கண்ட பறவைகளையும் கேட்ட குரல்களையும் எண்ணி எழுதுகின்றனர். சம்பளமில்லை. எழுதியோரிலே பலர் நம்மைப் போன்ற சாதாரண மக்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 2019 இல், அறிஞர்கள் இக்குறிப்புகளையும் வேறு கணக்குகளையும் கூட்டிப் பார்த்தார்கள். 1970 தொடக்கம் அக்கண்டத்திலே ஏறத்தாழ முந்நூறு கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று தெரிந்தது. கூடுதலாகக் குறைந்தவை அருமையான பறவைகளல்ல. தோட்டத்திலும் வயலிலும் எவரும் காணும் சிறு குருவிகளே அவற்றுள் மிகப் பல. காலையிலே எழுந்து எண்ணியவர்கள் இல்லாதிருந்தால் அந்த இழப்பு உலகுக்கே தெரியாமற் போயிருக்கும்.

இங்கே நம் மண்ணில் என்ன குறைந்திருக்கின்றது? முதியோரைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். எழுத்திலே கணக்கில்லை. கணக்கில்லாத வீட்டிலே களவு போனாலும் தெரியாது.

கண்முன் தெரியும் அழிவுகளும் உண்டு. நமது அம்பாறை மாவட்டத்திலே பள்ளக்காடு என்னுமிடத்தில் பல ஊர்களின் குப்பை கொண்டுபோய்க் கொட்டப்பட்டது. காட்டு யானைகள் அங்கே வந்து, உணவின் மணம் பட்ட பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே விழுங்கின. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ இருபது யானைகள் அவ்வாறு மாண்டதாக அப்போது செய்திகள் வந்தன. இறந்தவற்றின் வயிற்றிலே இலையும் பட்டையும் காணப்படவில்லை; நாம் கடையிலே வாங்கி எறிந்த பைகள் இருந்தன. யானைமுகத்தோனை வணங்கி எக்காரியத்தையும் தொடங்குகின்ற நாம், வணங்கிவிட்டு வரும் வழியிலே எறியும் பை எங்கே போய்ச் சேர்கின்றது என்று எண்ண வேண்டாமா?

வட்டையின் ஓரங்களும் களப்பின் ஓரங்களும் மண்ணிட்டு நிரப்பப்படுவதையும் நாம் காண்கின்றோம். குடிசனம் பெருக வீடு வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மாரி மழை பெய்யும்போது ஊரின் தண்ணீர் போய்த் தங்குவது அந்தத் தாழ்ந்த நிலத்திலேதான். கொக்கும் தாமரைக்கோழியும் நிற்குமிடமெல்லாம் தண்ணீர் தங்குமிடம் என்பதற்கு அடையாளம். அவற்றை நாம் அங்கிருந்து எழுப்பிவிட்டால், கார்த்திகை மார்கழியில் வெள்ளம் நம்மைத் தேடி வாசலுக்கு வரும். கிட்டங்கித் தாம்போதியிலே காத்துநின்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

காக்க விரும்பும் மக்களால் காக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டு வேடந்தாங்கல் சான்று. அங்குள்ள ஏரியிலே வந்து கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாகின்றது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள். பறவைக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். பறவை அவர்களுக்கு விளைச்சல் கொடுத்தது. அவர்களைப் போலவே நம் உழவரும் ஆந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும். சாக்குருவி என்று அஞ்சிக் கல்லெறிகின்றோம். அதுவோ இரவெல்லாம் வயலிலே எலி பிடித்து நம் நெல்லைக் காவல் செய்துவிட்டு, விடியலிலே மரப்பொந்துக்குத் திரும்புகின்றது. கூலி கேளாத காவற்காரனுக்கு நாம் கொடுக்கும் பரிசு கல்லா?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடப்போம். ஒரு வாரம் கடற்கரை, ஒரு வாரம் வட்டை, ஒரு வாரம் களப்பு. ஐந்தாறு பேருக்கு மேல் ஒன்றாகப் போக வேண்டாம், பேச்சைக் குறைப்போம், கூட்டை நெருங்கவும் குஞ்சைத் தொடவும் வேண்டாம். திகதி, நேரம், இடம், கண்ட உயிர், எத்தனை என்ற ஐந்தையும் கொப்பியிலே எழுதுவோம். கண்டதைக் கண்டபடி எழுதுவோம், காணாததை எழுதாதிருப்போம். பெயர் தெரியாவிடின் நிறத்தையும் அலகையும் குரலையும் குறித்து வந்து பெரியோரிடம் கேட்போம். இந்த உண்மைப் பழக்கம் ஒன்றே ஒரு வாலிபனை நல்ல மாணவனாகவும் நல்ல குடிமகனாகவும் ஆக்கப் போதுமானது.

பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். புத்தகத்திலே இல்லாத பெயர்கள் உங்கள் நாவிலே இருக்கின்றன. எந்த மரத்திலே எந்தக் குருவி கட்டும், எந்தப் பூச்சி பறந்தால் மழை வரும், எந்த மடுவிலே எந்த மீன் கிடக்கும் என்பதெல்லாம் நீங்கள் அறிவீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையிலே பிள்ளைகளோடு ஒரு மைல் நடந்து அவற்றைச் சொல்லிக் கொடுங்கள். அது பணத்தால் வாங்க முடியாத நன்கொடை.

இதிலே இனமென்றும் மதமென்றும் எல்லை வேண்டாம். கரைவலை இழுப்பவர்களும் வட்டையிலே விதைப்பவர்களும் இரு சமூகத்தாருந்தான். நண்டின் வளையும் கொக்கின் கூடும் எவருடைய வட்டாரத்திலே இருக்கின்றன என்று நண்டும் கொக்கும் கேட்பதில்லை. அயலிலுள்ள முஸ்லிம் வாலிபர்களையும் நம்மோடு நடக்க அழைப்போம். ஒரே வரம்பிலே முன்னும் பின்னுமாக, சத்தமிடாமல், ஒரு பறவை எழும்பாதபடி நடந்து பழகியவர்கள் ஊரின் மற்றக் காரியங்களிலும் ஒருவரையொருவர் மிதியாமல் நடக்கக் கற்றுக்கொள்வார்கள்.

இவ்வாறு எழுதப்பட்ட கொப்பிகளிலிருந்து, எங்கே எத்தனை கூடுகள், எந்தக் கரையிலே எந்த மரம் எஞ்சியிருக்கின்றது என்ற கணக்கை ஆண்டுதோறும் நம் மலரிலே ஒரு பக்கத்தில் வெளியிடுவோம். இருபது மலர்கள் சேர்ந்தால் அது இம்மண்ணின் வரலாறாகும். அதைப் படிக்கப்போகும் பிள்ளைகள், தங்கள் ஊரின் பெயரிலே உள்ள மரத்தை அதன் நிழலிலே நின்று படிக்கட்டும்.

கச்சான் இன்னும் ஓயவில்லை. வரும் ஞாயிறு ஐந்தரை மணிக்குப் புறப்படலாம்.